மூக்கு: நார்மல்

நிகத் செய்த வேலைக்குத் தமிழில் சரியான பெயர் கிடையாது. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் என்று சான்றிதழில் போட்டிருந்தது. ஓசூரில் அவள் வேலை பார்த்த நூற்றிருபது படுக்கை மருத்துவமனைக்கு வருகிறவர்கள் வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் டாக்டரம்மா என்பார்கள். அதே கை ஊசியை எடுத்தால் சிஸ்டர் என்பார்கள். நிர்வாகி நாராயணப்பனின் மனைவி ஒருமுறை, பி.ஏ. என்றால் பர்சனல் அசிஸ்டென்ட் என்று எண்ணிக்கொண்டு, திருப்பதிக்கு ரயில் டிக்கெட் போட்டுத் தரச் சொன்னாள். நிகத் மறுபேச்சுப் பேசாமல் போட்டுக் கொடுத்தாள். அன்று காலையில்தான் ஒரு லாரி டிரைவரின் நெஞ்சில் கட்டியிருந்த நீரை ஒன்றரை லிட்டர் எடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அவள் அத்தா குலாம் முகம்மது குந்தாரப்பள்ளி வாரச் சந்தையில் மாட்டுக் கயிறும் கழுத்து மணியும் விற்பவர். மகளுக்கு மருத்துவப் படிப்புக்கு இரண்டு மார்க் குறைந்தபோது, கிருஷ்ணகிரியில் கல்லூரிகளுக்கு ஆள் சேர்த்துவிடும் ஒருவரிடம் அழைத்துப் போனார். அந்த ஆள், "இது டாக்டருக்கு அடுத்த படி பாய், யோசிக்காம சேத்துடுங்க" என்றார். அந்தப் படிக்கு மேலே படியே கிடையாது என்பதை அவர் சொல்லவில்லை. ஒருவேளை அவருக்கும் தெரிந்திருக்காது. நிகத் சென்னைக்குப் போய் நான்கு வருஷம் படித்தாள். அத்தா சந்தையில் எல்லாரிடமும், "எம்பொண்ணு டாக்டருக்குப் படிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விடுமுறையில் வந்த நிகத், "அத்தா, அப்படிச் சொல்லாதீங்க" என்றாள்.

"டாக்டருக்குப் படிக்குதுன்னுதானேம்மா சொன்னேன்? டாக்டர்னு சொன்னனா?" என்றார் அவர்.

2009இல் ஓசூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்ந்தாள். அங்கே பொது மருத்துவர் டாக்டர் ஆனந்த். வந்த முதல் வருஷம் அவர் அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்த இடத்திலிருந்து எடுக்கவிடாமல், "இன்னும் கேளுங்க, இன்னும் ஒரு சத்தம் இருக்கு" என்பார். அவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் தவிர கன்னடமும் தெலுங்கும் வரும், பிகார் ஆட்கள் வந்தால் ஹிந்தியும் வரும். டாக்டருக்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்கிற நோயாளி அவளிடம் உட்கார்ந்து கதை முழுவதும் சொல்வான். மூன்று நான்கு வருஷத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. நோயாளியை நிகத் பார்ப்பாள், கேட்பாள், தொட்டுப் பரிசோதிப்பாள், கேஸ் ஷீட்டில் எழுதுவாள். ஆனந்த் வந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். அப்புறம் படிக்காமலும் போட்டார். புதிதாக வரும் எம்.பி.பி.எஸ். பிள்ளைகளிடம், "சந்தேகம்னா என்னைக் கேக்காதீங்க, நிகத்தைக் கேளுங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே அவள் பல வருஷம் ஓட்டினாள்.

ஒருநாள் நண்பகலில் வார்ப்பு ஆலை ஒன்றிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்தார்கள். வாயு பிடித்துக்கொண்டது, சோடா குடித்தும் போகவில்லை என்றார்கள். நிகத் அவன் நெற்றி வியர்வையைத் தொட்டுப் பார்த்ததுமே இ.சி.ஜி. எடுத்தாள். மாரடைப்பு. ஆனந்த் பெங்களூரில் மகனுடைய பள்ளி விழாவில் இருந்தார். இ.சி.ஜி.யைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, அவர் திருப்பிக் கூப்பிடுவதற்குள் மருந்தை எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். "போடுங்க" என்று அவர் சொன்னார், அவள் போட்டாள். அந்த ஆள் பிழைத்தான். பத்து நாள் கழித்து ஆலைக்காரர்கள் பொன்னாடையும் பெரிய பழக்கூடையுமாக வந்து டாக்டர் ஆனந்துக்குப் போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போனபிறகு ஆனந்த் அவளைக் கூப்பிட்டு, "நிகத், இந்தப் பழத்தை நீங்க எடுத்துட்டுப் போங்க. எங்க வீட்ல யாரும் சாப்பிட மாட்டாங்க" என்றார். அவர் அதை நல்ல மனசோடுதான் சொன்னார். அதனாலேயே அவள் மறுக்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

2017இல் மருத்துவமனையின் மேல் இரண்டு மாடியில் துணை மருத்துவப் படிப்புகளுக்கு ஒரு கல்லூரி ஆரம்பித்தார்கள். கட்டடம் இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, வாத்தியார் இல்லை. நிகத்தை வாத்தியாராக்கினார்கள். அவசரப் பிரிவு வேலை அப்படியே இருந்தது. அதற்கு மேலே இது. சூளகிரி, பேரிகை, குருபரப்பள்ளிப் பக்கத்திலிருந்து விவசாயிகள் வீட்டுப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு அவள் முதல் வகுப்பிலேயே சொல்வது ஒன்றுதான்: "கேளு. பாரு. தொடு. அப்புறம் எழுது. பாக்காததை எழுதாதே."

ஒரு வருஷம் இறுதியாண்டுப் பிள்ளைகளிடம், இந்தப் படிப்பை முடித்தால் மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போடும் உரிமைகூட உங்களுக்குக் கிடையாது, இதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் நாராயணப்பன் கூப்பிட்டனுப்பினார். "அட்மிஷன் டைம்லே இப்படியெல்லாம் எதுக்கும்மா பேசறீங்க? புள்ளைங்க மனசு ஒடிஞ்சிடாதா?" என்றார். அவருக்குக் கவலை யாருடைய மனசைப் பற்றி என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் அதைச் சொல்வதில்லை.

நிகத்தின் வீடு மூக்கண்டப்பள்ளியில். கணவன் சாஹில் அங்கே செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். கடைக்கு மேலே ஒரு வெற்று அறை. அதில் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நிகத் முகாம் போடுவாள். தன் மாணவிகள் நாலு பேரைக் கூட்டி வந்து, ரத்த அழுத்தம் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, பார்த்து யாரை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமோ அங்கே அனுப்புவது. சுற்றிலும் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். ஒரு அறையில் ஆறு பேர் ஷிப்ட் மாற்றிப் படுத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்குத் தங்கள் உடம்பு ஞாபகத்துக்கு வரும். மருத்துவமனை ஒரு பேனர் மட்டும் கொடுத்தது. அதில் டாக்டர் ஆனந்தின் படம் இருந்தது.

2023 பிப்ரவரி முகாமுக்கு அவளுடைய இறுதியாண்டு மாணவி சரிதா தன் அண்ணனை இழுத்து வந்தாள். குருபரப்பள்ளியை அடுத்த ஒரு ஊர். அப்பா வெங்கடப்பன் இரண்டு ஏக்கரில் தக்காளி போடுபவர். அண்ணன் பிரகாஷுக்கு இருபத்தாறு வயது. தொழிற்பேட்டையில் ஒரு குரோமிய முலாம் பூசும் பட்டறையில் ஐந்து வருஷமாக வேலை. அவன் அனுப்பும் சம்பளத்தில்தான் சரிதா படித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இவனுக்கு அடிக்கடி மூக்குல ரத்தம் வருதுங்க. சூடுன்னு சொல்லிட்டு மோர் குடிச்சிட்டுக் கெடக்குறான்" என்றாள் சரிதா.

பிரகாஷ் சிரித்தான். "ரத்தம்கூட பரவால்லீங்க மேடம். தூங்குறப்ப மூக்கு விசில் அடிக்குது. ரூம்ல பசங்க எனக்குக் குக்கர்னு பேரு வச்சிட்டானுங்க."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நிகத் அவன் தலையை நிமிர்த்தி, டார்ச்சை அடித்து இடது துவாரத்தில் பார்த்தாள். உள்ளே பொருக்கு கட்டியிருந்தது. கொஞ்சம் சாய்த்துப் பார்த்தபோது, இடது பக்கம் அடித்த வெளிச்சம் வலது துவாரத்தில் தெரிந்தது. இரண்டு துவாரங்களுக்கும் நடுவே இருக்கும் தடுப்பில் ஓட்டை. ஒரு வேர்க்கடலை போகும் அளவு.

டார்ச்சை அணைத்துவிட்டு, "கையைக் காட்டு" என்றாள். விரல் முட்டிகளில் வட்ட வட்டமாக, ஆணியால் குத்தி எடுத்தது போலப் புண்கள். சில ஆறியவை, சில ஆறாதவை.

"இது எப்பத்திலேர்ந்து?"

"இது எல்லாருக்கும் இருக்குதுங்க மேடம். முலாம் தொட்டிப் பக்கம் நிக்கிறவங்களுக்குப் புகை அடிக்கும். புதுசா வர்றவனுக்கு மூணு மாசத்துல கையில வந்துடும். இது வந்தாத்தான்டா நீ பர்மனென்ட்டுன்னு கிண்டல் பண்ணுவோம்."

"வருஷா வருஷம் ஹெல்த் செக்கப் நடக்குதே, அதுல சொல்லலையா?"

பிரகாஷ் கொஞ்சம் தயங்கினான். "அது நீங்கதானே மேடம் வந்து பண்ணீங்க. நீங்க ஒண்ணும் கேக்கலீங்களே."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். அந்தப் பட்டறைக்கு வருடாந்திர உடல் பரிசோதனை செய்து கொடுப்பது நிகத் வேலை பார்த்த மருத்துவமனைதான். கேண்டீனில் ஒரே நாளில் இருநூறு பேர். உயரம், எடை, ரத்த அழுத்தம், கண், காது, மூக்கு, தோல் என்று கட்டம் கட்டமாக ஒரு படிவம். நிகத்தும் இரண்டு பயிற்சி மாணவிகளும் போவார்கள். ரத்த அழுத்தத்தையும் எடையையும் நிஜமாகவே பார்ப்பார்கள். மற்ற கட்டங்களில், வந்தவன் நடந்து வந்து நின்றிருக்கிறானே என்ற தைரியத்தில், நார்மல் நார்மல் என்று எழுதிக்கொண்டே போவாள். மாலையில் படிவக் கட்டை ஆனந்தின் அறையில் வைத்தால் காலையில் கையெழுத்தோடு திரும்பி வரும்.

அடுத்த ஞாயிறு, முகாம் இல்லாத நாளிலும், பிரகாஷ் தன் பட்டறையிலிருந்து இன்னும் பத்துப் பேரைக் கூட்டி வந்தான். அவனையும் சேர்த்து எட்டுப் பேருக்கு மூக்கில் ஓட்டை. திங்கட்கிழமை நிகத் ஆவண அறைக்குப் போய் அந்த எட்டுப் பேரின் பழைய படிவங்களை எடுத்தாள். நான்கு வருஷத்துக்கு முப்பத்திரண்டு படிவம். முப்பத்திரண்டிலும் மூக்கு என்ற கட்டத்தில் அவளுடைய கையெழுத்தில் நார்மல் என்றிருந்தது. வகுப்பில் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டும் அதே தெளிவான, பிசிறில்லாத எழுத்து. அவள் அந்த அறையில் நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். பிறகு டாக்டர் ஆனந்திடம் போனாள்.

அவர் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட அனுப்பலாம்" என்றார்.

"அனுப்பறது சரி சார். ஆனா இது தொழிலால வர்ற நோய். பாத்த டாக்டர் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதியாகணும்னு சட்டம் இருக்கு."

"எனக்குத் தெரியும் நிகத். நான் பாத்துக்கறேன்."

இரண்டு வாரம் ஆயிற்று. அவர் எதையும் பார்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்தப் பட்டறையின் முதலாளிக்கு ஊரில் வேறு மூன்று ஆலைகளும் இருந்தன. மூன்றின் பரிசோதனை ஒப்பந்தமும் இதே மருத்துவமனையில்தான். நிகத் மறுபடியும் போய்க் கேட்டாள். இந்த முறை அறையில் நாராயணப்பனும் உட்கார்ந்திருந்தார்.

"குரோமியத்தாலதான்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?" என்றார் ஆனந்த். "ஒருத்தருக்கு இன்ன நோய்னு முடிவு பண்றது உங்க வேலையா?"

"பதினாலு வருஷமா என் வேலையாத்தானே இருந்துச்சு சார்."

"அது வேற" என்றார் ஆனந்த். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போய் நிகத் ஆய்வாளருக்குத் தானே கடிதம் எழுதினாள். எட்டுப் பேரையும் கூப்பிட்டு, பெயர் போடலாமா என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். முதல் கையெழுத்து பிரகாஷ் போட்டான். கடிதத்தின் கடைசியில், நான்கு வருஷமாக இவர்களின் மூக்கைப் பார்க்காமலே நார்மல் என்று எழுதியது நான்தான் என்று ஒரு பத்தி சேர்த்தாள்.

சாஹில் படித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கடைசிப் பத்தி எதுக்கு? நீயே போய் மாட்டிக்கிறியா?" என்றான்.

"இதை எழுதாட்டி மேல எழுதினதை யார் நம்புவாங்க?"

"நம்பறதுக்கு ஆள் தேடறவங்க இல்ல அவங்க. பிடிக்கிறதுக்கு ஆள் தேடறவங்க" என்றான் சாஹில். அவள் கேட்கவில்லை. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

அதிகாரிகள் வந்தார்கள். இதை மறுப்பதற்கில்லை, அவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகவே செய்தார்கள். காற்றின் மாதிரி எடுத்தார்கள், ஆட்களை வரிசையாக நிறுத்தி மூக்கையும் கையையும் பார்த்தார்கள். புகையை உறிஞ்சும் விசிறி வைக்கும்வரை தொட்டிப் பகுதியை மூடச் சொன்னார்கள். பதினோரு நாள் பட்டறை நின்றது. மருத்துவமனையிடமும் விளக்கம் கேட்டார்கள். அந்த விளக்கத்தின் நகலை நாராயணப்பன் தன் அறையில் வைத்து நிகத்திடம் நீட்டினார்.

மேற்படி உதவியாளர் தன் அதிகார வரம்பை மீறி, மருத்துவரின் அறிவுக்கு வராமல், தானே பரிசோதனை செய்து படிவங்களை நிரப்பியிருக்கிறார். மருத்துவர் அவரை நம்பிக் கையெழுத்திட்டிருக்கிறார். இதை மேற்படி உதவியாளரே தன் கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றிருந்தது. அத்தோடு ஒரு வாக்குமூலம் இணைத்திருந்தார்கள். நிகத் மேடம் மருத்துவர் யாரும் இல்லாமல் தனியாக நோயாளிகளைப் பார்ப்பார், மூக்கண்டப்பள்ளியில் முகாம் நடத்துவார், மருந்து சொல்வார் என்று. உருண்டையான, ஒன்றோடொன்று இடிக்காத எழுத்து. யாருடையது என்று கீழே பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை. சரிதாவின் எழுத்தை அவள் மூன்று வருஷமாகத் திருத்தியிருந்தாள்.

"டாக்டர் மாதிரி நடிச்சாங்கன்னு நாங்க போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாம்மா" என்றார் நாராயணப்பன், குரலை உயர்த்தாமல். "குடுக்கல. நீங்களா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா நல்லது."

"ஆனந்த் சாரைப் பாத்துட்டு எழுதித் தர்றேன்."

"சார் ஓ.பி.லே இருக்காரு. இன்னிக்கு முழுக்க அங்கதான் இருப்பாரு."

ஓ.பி. அறை இருபது அடி தள்ளித்தான் இருந்தது. நிகத் அந்தக் கதவு வரைக்கும் போனாள். வெளியே முப்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு அவளைத் தெரியும்; ஒரு பெண் எழுந்து நின்று, "டாக்டரம்மா, உள்ள கூப்புடுவாங்களா?" என்றாள். நிகத் கதவைத் தட்டாமல் திரும்பி வந்து ராஜினாமாவை எழுதினாள்.

அவளை வெளியே அனுப்பிய பிறகும் அது அடங்கவில்லை. ஒரு வாட்ஸாப் செய்திக் குழுவில் "ஓசூரில் போலிப் பெண் டாக்டர் சிக்கினார்" என்று முகாமில் அவளை எடுத்த படத்தோடு போட்டார்கள். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு வாங்க வந்த ஒரு ஆள் அதை அவள் அத்தாவிடமே காட்டி, "இது உங்க பொண்ணுங்களா பாய்?" என்று கேட்டிருக்கிறார். குலாம் முகம்மது அந்தப் போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "எம்பொண்ணுதான்" என்று திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு மதியமே கடையைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நிகத் அழுதிருப்பாள். அவர் கேட்காததால் அழவும் முடியவில்லை.

பட்டறையில் விசிறி வைத்தார்கள், வேலை மறுபடி ஆரம்பித்தது. அந்த எட்டுப் பேரையும் மருத்துவ விடுப்பில் இருக்கச் சொன்னார்கள். விடுப்பு முடிந்து போனபோது அவர்கள் இடத்தில் ஒப்பந்தக்காரர் மூலமாக ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் நின்றிருந்தார்கள். எட்டுப் பேரும் இழப்பீடு கேட்டு மனுப் போட்டார்கள். விசாரணையில் பட்டறையின் வக்கீல் ஒன்றும் வாதாடவில்லை. முப்பத்திரண்டு படிவங்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு வருஷமும் மூக்கு நார்மல் என்று இருக்கிறதே, அப்படியானால் இந்த ஓட்டை எங்கள் தொட்டியால் வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். நிகத் சாட்சியாகப் போய், அந்தப் படிவங்கள் பொய், பார்க்காமல் எழுதியவை என்றாள். "அப்ப பொய் எழுதினேன்னு சொல்றீங்க. இப்ப மட்டும் மெய் சொல்றீங்கன்னு எப்படி நம்பறது?" என்றார் வக்கீல். மனு இன்றுவரை இழுத்துக்கொண்டிருக்கிறது.

மூக்கண்டப்பள்ளியில் முகாமுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பதினோரு நாள் கூலி போனவர்கள் அந்தத் தெருவில் நிறையப் பேர். சாஹிலின் கடை வழியாகப் போகிறவர்கள் எதிர்ப்பக்கம் கடந்து போனார்கள். பிரகாஷ் மட்டும் ஒருநாள் கடைக்கே வந்தான். மேலே வந்து உட்காரச் சொன்னதற்கு வேண்டாமென்று படிக்கட்டிலேயே நின்றான்.

"மேடம், நீங்க கெட்டது நெனச்சு செய்யல, எனக்குத் தெரியும்" என்றான். "ஆனா முன்னாடி ஓட்டை மூக்குல மட்டும்தான் இருந்துச்சுங்க. இப்ப வயித்துல இருக்குது."

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூக்கைக் காட்ட வேண்டும், கடைசிவரை காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவன் சரிங்க மேடம் என்று போய்விட்டான்.

சரிதாவை அவள் அதற்கப்புறம் ஒரே முறைதான் பார்த்தாள். ஓசூர் பஸ் நிலையத்தில், கிருஷ்ணகிரி வண்டி நிற்கும் இடத்தில். சரிதா வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டிருந்தாள். ஒதுங்கிப் போகாமல் நேராக வந்தாள்.

"எம்மேல கோவமா மேடம்?"

"ஏன் சரிதா எழுதிக் குடுத்தே?"

"இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் அவங்க கையில இருக்குது. அண்ணனுக்கு வேல போயிடுச்சு. தக்காளி இந்த வருஷம் ரோட்டுல கொட்டுனோம். நானும் வெறுங்கையோட வீட்டுக்குப் போனா எங்கப்பா என்னங்க மேடம் பண்ணுவாரு?" மூச்சை இழுத்துக்கொண்டு தொடர்ந்தாள். "ஆனா நான் பொய் எழுதல. நீங்க டாக்டர் இல்லாம பாத்தீங்கதானே? பாக்காததை எழுதாதேன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. நான் பாத்ததைத்தான் எழுதுனேன்."

நிகத்துக்கு ஒரு கணம் அவளை அறையலாம் போலிருந்தது. அடுத்த கணம், அவள் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை. "வண்டி வந்துடுச்சு, போ" என்றாள். அவசரப் பிரிவில் நிகத் உட்கார்ந்த நாற்காலி இப்போது சரிதாவுக்குத்தான் என்று கண்டக்டர் விசில் ஊதும் நேரத்தில் சரிதாவே சொன்னாள். அதையும் மறைக்காமல் சொன்னாள்.

எட்டு மாதம் நிகத்துக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை. நேர்முகத்துக்குப் போன இடங்களில் எல்லாம் நன்றாகப் பேசிவிட்டு, முந்தைய மருத்துவமனையில் விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். கடைசியில் கிருஷ்ணகிரியில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் சேர்ந்தாள். அங்கிருக்கும் வயதான டாக்டர் ஓசூர்ச் செய்திகளைப் படிப்பவர் அல்ல. எடை பார்ப்பது, கால் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, அடுத்த தேதி எழுதிக் கொடுப்பது. உதவியாளர் என்று கழுத்து அட்டையில் போட்டிருந்தது. அவள் படித்ததில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே தேவைப்படவில்லை. தினமும் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கால் பெருவிரலுக்கு அடியில் புண்ணோடு ஒரு அம்மாள் வந்தார். சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு. வெறுங்காலோடு வயலில் நின்று, முள் ஏறியதே தெரியாமல் பத்து நாள் நடந்திருக்கிறார். நிகத் முக்காலியை இழுத்துப் போட்டு, காலைத் தன் மடிக்கு எடுத்து வைத்துக்கொண்டு, செத்த தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தாள். வலிக்கிறதா என்று கேட்டாள். ஒண்ணும் தெரியலீங்க என்றார் அந்த அம்மாள். பேச்சுக் கொடுப்பதற்காக, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.

"குருபரப்பள்ளிப் பக்கங்க. பையன் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு. பையன் முந்தி ஓசூர்ல இருந்தான். இப்ப பார்டர் தாண்டிக் கர்நாடகாவுக்குப் போயிட்டான். அங்கயும் அதே முலாம் வேலதான். அனுபவம் இருக்குதுன்னு ஒடனே எடுத்துக்கிட்டாங்களாம்."

நிகத்தின் கை நின்றது. அட்டையில் பெயரைப் பார்த்தாள். வெள்ளையம்மா, கணவர் பெயர் வெங்கடப்பன்.

"நீங்க பிரகாஷோட அம்மாங்களா?"

"ஆமாங்க. நீங்கதான் அந்த மேடமுன்னு வந்தொடனே தெரிஞ்சிது. சரிதா பாப்பா போட்டோ காட்டியிருக்குது."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"காலுக்குக் கட்டுப் போடணுமில்லீங்களா? போட்டு முடியட்டும்னு இருந்தன்."

நிகத் மறுபடி காலைப் பிடித்துக்கொண்டாள். உப்புத் தண்ணீரில் கழுவினாள், துணியை வைத்தாள். "அவனை மறுபடி அந்த வேலைக்கு அனுப்பாதீங்கம்மா. அது மூக்கோட நிக்காது. நெஞ்சுக்குள்ள போகும்" என்றாள்.

"அத அவங்கிட்ட சொல்லாதீங்க" என்றார் வெள்ளையம்மா. கெஞ்சலாக இல்லை, முடிந்துபோன ஒரு விஷயத்தைச் சொல்வது போல. "நீங்க சொல்லி ஒரு தடவ கேட்டுட்டான். போதும்."

நிகத் கட்டைச் சுற்றி முடித்தாள். வெள்ளையம்மா காலைத் தரையில் ஊன்றி, ஒரு முறை அழுத்திப் பார்த்தார். "கட்டு நல்லா கட்றீங்க" என்றார்.

"வெள்ளிக்கிழமை வாங்கம்மா. பிரிச்சுப் பாத்து மாத்திக் கட்டணும். தண்ணி படக் கூடாது."

"வெள்ளிக்கெழம யாரு கட்டுவாங்க?"

"நான்தாம்மா இருப்பேன்."

"நீங்க என்னிக்கு இருக்க மாட்டீங்க?"

நிகத்துக்குக் கேள்வி புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "சனிக்கிழமை எனக்கு லீவு" என்றாள்.

"அப்ப சனிக்கெழம வர்றன்" என்று சொல்லிவிட்டு வெள்ளையம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். நிகத் அதை வாங்கிக் காலில் மாட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் நிகத் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தாள். சனிக்கிழமை வெள்ளையம்மா வந்து போயிருந்தார். புண் காய்ந்து வருகிறது, சீழ் இல்லை, அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறது என்று கட்டுப் போட்ட பெண் எழுதியிருந்தாள். வெளியே டோக்கன் வாங்கியவர்கள் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நிகத் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு முதல் ஆளின் எடையைப் பார்க்கப் போனாள்.